தலைவர்களை உருவாக்கிய தலைவர்: ஜாம்ஷெட்ஜி டாடா

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் என்னைப் பணித்தபோது நான் தயங்கினேன். மலரில் எழுதும் பெருமக்கள் பலர் தமிழைத் துறைபோகக் கற்றவர்கள். யானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதைச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தனாய் அமர்ந்து, ரசீதும் பேரேடும் பார்த்தே இருபதாண்டுகளைக் கழித்தவன். கம்பரையும் இளங்கோவையும் பற்றி எழுத இம்மலரில் தக்கார் உளர். ஆதலின், நாம் பிழைப்பை நாடி வந்து குடியேறியுள்ள இந்த நாகபுரி நகரோடு நீங்காத் தொடர்புடைய ஒருவரின் வாழ்வை எழுதத் துணிந்தேன். அவரே ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாடா.

இத்துணிவுக்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், எட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு பிரிவின் பொறுப்பு ஓராண்டுக் காலம் என்மேல் விழுந்தது. அவர்களுள் இருவர் அடிக்கடி வேலைக்கு வாராதிருந்தனர். நான் ஏன் என்று கேட்கவில்லை, மேலிடத்துக்கு எழுதினேன். அவர்கள் சம்பளம் பிடிக்கப்பட்டது. அதன்பின் வருகை மிகவில்லை. முகங்கள் மட்டுமே இறுகின. ஒருவர் மனைவி நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தார் என்பதை நான் அறிந்தது, அப்பொறுப்பை விட்டு நீங்கிய பின்னர்தான். அந்த வெட்கம் என்னை விட்டு அகலாதிருந்த நாளில் டாடாவின் வரலாற்று நூல் ஒன்று கையில் கிடைத்தது. பிறரை வைத்து வேலை வாங்குவோர் அனைவரும் அறிய வேண்டிய பாடங்கள் அவ்வாழ்வில் நிரம்பக் கண்டேன். ஆலையை ஆள்வோர்க்கு மட்டுமன்று, நம்மைப்போல் சங்கம் நடத்துவோர்க்கும் அவை பொருந்தும்.

ஜாம்ஷெட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்தைச் சேர்ந்த நவசாரி என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் பார்சி குருமார் குடும்பம். தலைமுறை தலைமுறையாக வேள்வித் தீயின்முன் அமர்ந்து மந்திரம் ஓதிய அக்குடியில், வாணிகத்தை நாடி முதன்முதல் பம்பாய் சென்றவர் அவர் தந்தையார் நஸர்வான்ஜி. மைந்தரும் பதின்மூன்று பதினான்கு வயதில் தந்தையாரைத் தொடர்ந்து பம்பாய் சேர்ந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858இல் படிப்பை முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் வடநாட்டில் பெருங்கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டிருந்தது. இந்தியன் ஒருவன் பெருந்தொழில் தொடங்கலாம் என்பதைக் கனவில் கூடக் காணார் பெரும்பாலோர்.

கல்லூரியை விட்டவுடன் தந்தையாரின் வாணிகக் கூடத்தில் சேர்ந்தார். 1859இல் ஹாங்காங் சென்று அங்குக் கிளை நிறுவ உதவினார். அக்காலத்துச் சீன வாணிகம் பஞ்சையும் அபினியையும் சார்ந்திருந்தது. டாடா குடும்பத்தின் வாணிகமும் அவ்வாறே இருந்தது. பெரியோர் வரலாற்றை எழுதுங்கால் இத்தகையவற்றை மறைத்தல் முறையன்று.

அந்நாளில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டமையால் இந்தியப் பஞ்சின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் செல்வம் வெள்ளமெனப் பாய்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் அவ்வெள்ளம் ஒரு நொடியில் வற்றிற்று. வங்கிகள் வீழ்ந்தன, பெருவணிகர் பலர் தெருவில் நின்றனர். அவ்வேளையில் ஜாம்ஷெட்ஜி இலண்டனில் இருந்தார். அவர் கையிலிருந்த பத்திரங்களின் மதிப்பு வெறுந்தாளின் மதிப்பாயிற்று. வயதோ இருபத்தாறு.

மற்றொருவராயின் கப்பலேறி ஊர் திரும்பியிருப்பார். அல்லது கணக்கை மறைத்திருப்பார். ஜாம்ஷெட்ஜி கடன் கொடுத்தோரிடம் நேரே சென்று, உள்ள நிலையை ஒளிவின்றி எடுத்துரைத்தார். அந்நேர்மையைக் கண்ட அவர்கள், அவருடைய கூடத்தின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, மாதம் இருபது பவுன் ஊதியமும் அளித்தனர். கடன்பட்டவரையே கடன் தீர்க்கும் அதிகாரியாக அமர்த்தியது வியப்பன்றோ! ஒரு நிறுவனத்தின் முதல் மூலதனம் நம்பிக்கை என்பதை அவர் நூலில் படித்தறியவில்லை. நெருப்பில் நின்று கற்றார்.

1868இல், அபிசீனியப் போருக்குச் சென்ற ஆங்கிலப் படைக்குப் பண்டங்கள் வழங்கும் ஒப்பந்தத்தில் கிடைத்த ஆதாயத்தால் குடும்பம் மீண்டும் தலைநிமிர்ந்தது. அவ்வாண்டே இருபத்தொன்பது வயது நிரம்பிய ஜாம்ஷெட்ஜி இருபத்தோராயிரம் ரூபாயை முதலாகக் கொண்டு தமக்கெனத் தனி வாணிகக் கூடம் கண்டார். மறு ஆண்டில் சிஞ்ச்போக்லியில் நொடித்துக் கிடந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டாண்டில் அதனை ஆதாயத்தோடு விற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று இலங்காஷயர் ஆலைகள் நடைபெறும் முறையை நேரிற் கண்டு கற்றார். பிறர் சொல்லக் கேட்டு முடிவு செய்தல் அவர் இயல்பன்று.

திரும்பியதும் எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறான செயல் ஒன்றைச் செய்தார். அந்நாளில் ஆலை என்றால் பம்பாய். பம்பாயை விட்டால் ஆலையில்லை என்பது வணிகர் கொள்கை. ஜாம்ஷெட்ஜியோ பஞ்சு விளையும் நிலத்துக்கு அருகில், நிலக்கரி கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், விற்பனைக்குச் சந்தையும் உள்ள ஊரைத் தேடினார். நாகபுரியைச் சுற்றிக் கரிசல் நிலம், வரோராவில் நிலக்கரி, 1867இலேயே ஜி.ஐ.பி. இருப்புப்பாதை இவ்வூரை வந்தடைந்துவிட்டது. இம்மூன்றையும் எண்ணிப் பார்த்து, 1874இல் பதினைந்து இலட்சம் ரூபாய் மூலதனத்தில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்.

ஆலைக்கெனத் தேர்ந்த இடம் சும்மா தலாவ் என்னும் ஏரியருகே கிடந்த சதுப்பு நிலம். அப்பள்ளத்தை மண்கொட்டி மேடாக்கும் வேலையைக் கண்ட உள்ளூர் இலேவாதேவிக்காரர் ஒருவர், இந்த மனிதர் பொன்னை மண்ணில் புதைக்கிறார் என எள்ளிப் பணம் தர மறுத்துவிட்டாராம். பல ஆண்டுகள் கழித்து அவரே, டாடா புதைத்தது மண். எடுத்தது பொன் என ஒப்புக்கொண்டார் என்பர். 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அன்று, ஆலை தொடங்கிற்று. அதனால் எம்பிரஸ் ஆலை என்ற பெயர் அதற்கு ஏற்பட்டது. ஏறத்தாழ முப்பதாயிரம் கதிர்களும் 450 தறிகளும் அதில் இருந்தன.

இனித்தான் என் உள்ளத்தைக் கவர்ந்த செய்தி வருகின்றது. இத்தகைய ஆலையின் நிருவாகியாக அவர் யாரை அமர்த்தினார்? இலங்காஷயரில் பழகிய ஆங்கிலேயரையா? பம்பாயில் பஞ்சாலை நடத்திப் பேரெடுத்தவரையா? இருவரையும் அல்லர். ஜி.ஐ.பி. ரயில்வேயின் சரக்குப் பிரிவில் பணியாற்றிய பேசோன்ஜி தாதாபாய் மேத்தா என்பவரை அழைத்து அமர்த்தினார். அவருக்குப் பஞ்சாலைத் தொழில் ஒரு சிறிதும் தெரியாது. ஆனால் ஆட்களை ஒழுங்குபடுத்தத் தெரியும். கணக்கில் தூய்மை உண்டு. புதியன கற்கும் மனம் உண்டு. நூற்கும் நுணுக்கத்தைக் கவனிக்க ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலத் தொழில் வல்லுநர் இருந்தார். தொழிலறிவை விலைக்கு வாங்கலாம், நம்பத்தக்க பண்பைக் கண்டுதான் எடுக்க வேண்டும் என்பது டாடாவின் துணிபு. இதனை முதன்முதல் படித்தபோது, சரக்கு அலுவலகத்து நாற்காலியில் நான் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமும், அடுத்துத் தெரிந்து வினையாடல் என மற்றோர் அதிகாரமும் வைத்துள்ளார். ஆளைத் தேர்தல் ஒன்று. தேர்ந்தபின் அவரிடம் வினையை விடுதல் மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதைச் செய்வர், இரண்டாவதைச் செய்யார். பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பேனாவைத் தம் கையிலேயே வைத்திருப்பர். ஜாம்ஷெட்ஜி அவ்வாறு செய்யவில்லை. பம்பாயில் இருந்தவாறே ஆலையின் போக்கை அறிந்துகொண்டார். அடிக்கடி நேரில் வந்து கண்டார். ஆனால் அன்றாட நிருவாகத்தைப் பேசோன்ஜியிடமே விட்டார். பேசோன்ஜி அந்நம்பிக்கையைப் பொய்யாக்காமல் நீண்ட காலம் அவ்வாலையை நடத்தினார்.

தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. செலவைக் குறைக்க எண்ணி முதலில் வாங்கிய எந்திரங்கள் தரத்தில் தாழ்ந்தவை. நூல் நயமாக வரவில்லை, ஆதாயம் குன்றிற்று. தவற்றைப் பிறர் தலையில் ஏற்றாமல் அவர் அதனைத் தம் தவறாகவே ஏற்றார். பழைய எந்திரங்களை நீக்கி நல்லனவற்றை வருவித்தார். அப்பட்டறிவுக்குப் பின், மலிவுக்காகத் தரத்தை விடுவதில்லை என்பது அவர் நிறுவனங்களின் வழக்கமாயிற்று. வளையக்கதிர் என்னும் புதுவகை நூற்பு எந்திரத்தை இலங்காஷயரே ஐயத்தோடு நோக்கிய காலத்தில், விடுமுறையில் இங்கிலாந்து சென்றிருந்த புரூக்ஸ்பி வாயிலாக இரண்டினை வருவித்து நாகபுரியில் ஓட்டிப் பார்த்தார். பயன் கண்டதும் ஆலை முழுவதும் அதனைப் பரப்பினார். முதலில் சிறிதளவில் சோதித்தல், பின்னர்த் துணிந்து விரித்தல் என்னும் முறை அவர் வாழ்வில் பலமுறை காணப்படுகின்றது.

எந்திரத்தைவிடக் கடினமாக இருந்தது ஆள் சிக்கல். நாகபுரிச் சுற்றுவட்டாரத்து மக்கள் உழவர்கள். சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்கு வீடு திரும்பும் வாழ்க்கை அவர்களுக்குப் புதிது. வீட்டில் இருவர் சம்பாதித்தால் மூன்றாமவர் வேலைக்கு வாரார். விழா வந்தால் ஆலை வெறிச்சோடும். நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கினர் வாராதிருந்தனர். பம்பாய் ஆலைகளில் இதற்கு மருந்து அபராதமும் நீக்கமுமே.

ஜாம்ஷெட்ஜியும் பேசோன்ஜியும் வேறு வழியில் எண்ணினர். வாராமைக்குத் தண்டனை எது என ஆராய்வதை விட்டு, வருவதற்கு ஏது என்ன என ஆராய்ந்தனர். ஆலையில் நெடுநாள் தங்குவதால் தொழிலாளிக்கு என்ன பயன்? முதுமையில் கை ஓய்ந்தபின் அவனுக்கு யார் சோறிடுவர்? எந்திரத்தில் கை போனால் பிள்ளைகளை யார் காப்பர்? இவ்வினாக்களுக்கு விடையாக 1886இல் ஓய்வூதிய நிதி ஒன்று ஏற்பட்டது. 1895இல் விபத்துக்கு ஈட்டுத்தொகை வழங்கும் முறை வந்தது. நன்றாக உழைத்தோர்க்கு ஆண்டுதோறும் பரிசளிப்பு நாள் ஒன்று கொண்டாடப்பட்டது. ஆலைக்குள் காற்றோட்டத்துக்கு வழி செய்யப்பட்டது. வெப்பத்தைத் தணிக்க ஈரக்காற்றுக் கருவிகளும், தீயை அணைக்கத் தானே நீர் தெளிக்கும் குழாய்களும் அமைக்கப்பட்டன. நாகபுரிக் கோடையில் ஒரு மே மாதத்தைக் கழித்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

ஆண்டுகளைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிலாளர் விபத்து ஈட்டுச் சட்டம் இந்நாட்டில் பிறந்தது 1923இல். தொழிலாளர் சேமநிதிச் சட்டம் வந்தது 1952இல். சட்டம் தட்டி எழுப்புமுன் ஒருவர் தாமே விழித்துக்கொண்டார். இதனைக் கூறுவதால் எம்பிரஸ் ஆலை துறக்கமாக இருந்ததெனக் கொள்ள வேண்டா. ஆலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டம் வரம்பு கட்டியது 1911இல்தான். அதுவும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி என்றே. அக்காலத்து உழைப்பு கொடியது, ஊதியம் சிறியது. ஆயினும் தொழிலாளியின் நலமும் ஆலையின் ஆதாயமும் பகையல்ல, ஒன்றையொன்று தாங்கி நிற்பன என்பதை அறமாக மட்டுமன்றிக் கணக்காகவும் கண்டவர் அவர். வருகை சீர்ப்பட்டது, ஆலையின் பங்குதாரர்களும் நிறைந்த ஆதாயம் பெற்றனர்.

இன்னொன்றும் செய்தார். கல்வி கற்ற இளைஞர்களை ஆலையில் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை உண்டாக்கினார். படித்தவன் மேசைமுன் அமர்வான், எண்ணெய்க் கறை படிய நிற்கான் என்றிருந்த நாளில், பட்டம் பெற்றோரை எந்திரத்தருகே நிறுத்தித் தொழில் கற்பித்தார். நாளைய நிருவாகிகள் இன்றே ஆலைக்குள் வளரவேண்டும் என்பது அவர் கருத்து. அதன் பயன் விரைவில் தெரிந்தது.

1886இல் குர்லாவில் அழிந்துகொண்டிருந்த தரம்சி ஆலை ஏலத்துக்கு வந்தது. அதனைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு வாங்கிச் சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். வாங்கிய பின்னரே அதன் நோய் முழுதும் தெரிந்தது. எந்திரங்கள் பழுது, நூல் மட்டம், வெளியூர் வணிகர் சரக்கைத் திருப்பினர், பங்குகளின் விலை சரிந்தது. டாடாவின் பெயரே ஆட்டங்கண்டது. அப்போது, தம் குடும்பத்துக்கென எழுதி வைத்திருந்த அறக்கட்டளைப் பத்திரத்தை மாற்றிக்கொண்டும், எம்பிரஸ் பங்குகள் சிலவற்றை விற்றும் பணம் திரட்டினார். நாகபுரியில் பழகிய கைதேர்ந்த ஆட்களை அங்கு வருவித்தார். ஆண்டுகள் சில கடந்தபின் ஆலை எழுந்தது. நாகபுரியில் ஆட்களைப் பயிற்றியிராவிட்டால் குர்லாவில் எழுந்திருக்க இயலாது.

எல்லாப் போரிலும் அவர் வென்றார் என்றும் எண்ண வேண்டா. அந்நாளில் சீனம், சப்பான் ஆகிய நாடுகளுக்கு நூல் ஏற்றிச் செல்லும் ஆங்கிலக் கப்பல் கம்பெனிகள் கூலியை மிகுதியாகப் பெற்றன. 1893இல் ஜாம்ஷெட்ஜி சப்பானுக்குச் சென்று அந்நாட்டுக் கப்பல் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, டாடா லைன் என்ற பெயரில் குறைந்த கூலிக்குக் கப்பல் விட்டார். எதிரிகள் கூலியை அடிமட்டத்துக்குக் குறைத்தனர். அவரோடு கைகோத்த ஆலை முதலாளிகளே அம்மலிவில் மயங்கி ஒவ்வொருவராக நழுவினர். பெருநட்டத்தோடு அம்முயற்சி முடிந்தது. பின்னர் 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட நம் வ. உ. சிதம்பரனாரும் இதே கூலிப்போரைச் சந்தித்தார் என்பதைத் தமிழர் நாம் மறத்தற்கில்லை. ஒரு தலைவர் எவ்வளவு வல்லவராயினும், உடனிருப்போர் சிறு ஆதாயத்துக்காகப் பிரிவாராயின் முயற்சி கவிழும். இது கூட்டு வாழ்வின் கசப்பான உண்மை.

தோல்வி அவரைச் சுருங்கச் செய்யவில்லை; முன்னிலும் பெரிதாக எண்ணச் செய்தது. அவர் உள்ளத்தில் மூன்று பெருங்கனவுகள் ஓங்கி வளர்ந்தன. ஒன்று, இந்திய மண்ணில் இரும்பு எஃகு ஆலை. மற்றொன்று, மேற்குமலை நீரிலிருந்து பம்பாய்க்கு மின்விசை. மூன்றாவது, அறிவியல் ஆராய்ச்சிக்கென ஓர் உயர்கல்விக் கழகம்.

இரும்புக் கனவு 1882இலேயே முளைத்தது. நாகபுரிக்குத் தெற்கே சாந்தா மாவட்டத்தில் உள்ள லோகாராவின் இரும்புக் கனியைப் பற்றி ஜெர்மானிய வல்லுநர் ஒருவர் எழுதிய அறிக்கையைப் படித்து, அதனைத் தோண்ட இசைவு வேண்டினார். அரசின் சுரங்க விதிகள் இடம் தரவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் காத்திருந்தார். விதிகள் தளர்ந்ததும், அறுபது வயதைக் கடந்த நிலையில் அமெரிக்கா சென்று, எஃகுத் தொழிலின் நிலைக்களமாகிய பிட்ஸ்பர்க்கைக் கண்டு, சார்லஸ் பேஜ் பெரின் என்னும் பொறியாளரின் துணையைப் பெற்றார். அதுமட்டுமோ! ஆலைக்கு இடமே அகப்படாத 1902ஆம் ஆண்டில், மூத்த மைந்தர் தொராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் தொழிலாளர் நகரத்தின் தெருக்கள் அகன்றிருக்க வேண்டும், விரைந்து வளரும் நிழல்மரங்கள் நடவேண்டும், விளையாட்டு வெளிகளும் பூங்காக்களும் இருக்கவேண்டும், இந்துவுக்கும் முகமதியர்க்கும் கிறித்தவர்க்கும் வழிபாட்டிடம் ஒதுக்கவேண்டும் என்று வரைந்தார். எந்திரம் வருமுன் மனிதன் தங்கும் நிழலை எண்ணிய உள்ளம் அது.

கல்விக் கனவுக்காகத் தம் சொத்தில் பாதியளவு, முப்பது இலட்சம் ரூபாய் மதிப்புள்ளதை, 1898இல் தர முன்வந்தார். அதற்கு ஆதரவு வேண்டி விவேகானந்தருக்கும் கடிதம் எழுதினார். பர்ஜோர்ஜி பாத்ஷா என்னும் அறிஞரை மேலைநாடுகளுக்கு அனுப்பிப் பல்கலைக்கழகங்களின் அமைப்பை ஆராயச் செய்தார். கர்சன் பிரபுவின் அரசு ஐயங்களை எழுப்பிக் காலங்கடத்திற்று. மைசூர் அரசு மட்டும் பெங்களூரில் 371 ஏக்கர் நிலம் வழங்கி முன்வந்தது.

இதனிடையே 1903 டிசம்பரில் பம்பாய்க் கடற்கரையில் தாஜ் மகால் ஓட்டல் திறக்கப்பட்டது. அவர் கண்முன் நிறைவேறிய பெருங்கனவு அது ஒன்றே எனலாம். 1904 மார்ச்சில் துணைவியார் ஹீராபாய் மறைந்தார். உடல்நலம் குன்றி ஐரோப்பா சென்றிருந்த ஜாம்ஷெட்ஜி அவ்வாண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியின் பாட் நௌஹைம் என்னும் ஊரில் உயிர்நீத்தார். இங்கிலாந்தில் பிரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கண்மூடிய நாளில் எஃகு ஆலைக்கு இடமே முடிவாகவில்லை. மின்நிலையத்துக்கு அணை இல்லை. கல்விக் கழகத்துக்கு ஒரு செங்கல் கூட நடப்படவில்லை. பெரும்பாலோர் வரலாறு இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆள் போனால் வேலையும் போயிற்று என்பதே உலக வழக்கு.

ஆனால் டாடாவின் வரலாறு இவ்விடத்தில் முடியவில்லை. தொராப்ஜியும், தம்பியார் ரத்தன்ஜியும், உறவினர் ஆர். டி. டாடாவும், பாத்ஷாவும், பெரினும் வேலையைத் தொடர்ந்தனர். அவர் மறையும் ஆண்டின் பிப்ரவரியில் நிலநூலறிஞர் பி. என். போஸ் எழுதிய கடிதம் மயூர்பஞ்சு நாட்டில் இருந்த கோருமகிசானி மலையின் இரும்பைக் காட்டிற்று. 1907 ஆகஸ்டில் கம்பெனி பதிவாயிற்று. இலண்டன் பணச்சந்தை கைவிரித்தபோது பம்பாயில் பங்கு விற்பனை தொடங்கிற்று. மூன்றே வாரத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் இந்தியர் மூலதனம் முழுவதையும் தந்தனர். சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்து 1911 டிசம்பரில் முதல் இரும்பும் 1912 பிப்ரவரியில் முதல் எஃகும் வெளிவந்தன. அவ்வாண்டே அங்கு எட்டு மணி நேர வேலை முறை வந்தது. 1919இல் அவ்வூர் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. அவர் வரைந்த மரநிழல் தெருக்கள் அங்கு உண்மையாகவே உண்டாயின. 1915இல் மலைநீர் மின்சாரமாகிப் பம்பாய் ஆலைகளை ஓட்டிற்று. பெங்களூர்க் கழகம் 1909இல் சட்ட உருப்பெற்று 1911இல் மாணவரைச் சேர்த்தது. அதன் தலைமைப் பொறுப்பை 1933இல் ஏற்ற முதல் இந்தியர் நம் திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த சர். சி. வி. இராமன் என்பது நாம் உவந்து நினைக்கத் தக்கது.

எட்டாண்டுக்குள் இரும்பு, பதினோராண்டுக்குள் மின்சாரம், ஏழாண்டுக்குள் கல்விக்கூடம்! இவை அனைத்தும் அவர் இல்லாத நாளில் நடந்தன. இதுவே அவர் தலைமையின் அளவுகோல் என நான் கருதுகிறேன். ஒருவர் இருக்கும்போது வேலை நடத்தல் பெரிதன்று. அவர் நாற்காலி காலியான பின் வேலை நின்றதா நடந்ததா என்று பார்க்க வேண்டும். சரக்கு அலுவலகத்துப் பேசோன்ஜியிடம் ஆலையின் சாவியைத் தந்த நாளிலேயே இதற்கு வித்திடப்பட்டுவிட்டது. நம்பி ஒப்படைக்கக் கற்றவரே நம்பத்தக்கவரைப் பின்னே விட்டுச் செல்வர்.

எம்பிரஸ் ஆலை இன்று இல்லை. சும்மா தலாவ் ஏரியருகே மாலையில் உலாவுவோர்க்கு அங்கு ஒரு சதுப்பு நிலம் கிடந்ததும் தெரியாது, அதன்மேல் ஆயிரக்கணக்கானோர் உழைத்ததும் தெரியாது. கட்டடங்கள் வரும், போகும். ஆனால் முதுமைக்கு ஓய்வூதியம், விபத்துக்கு ஈடு என்று அங்கு ஊன்றிய கருத்துகள் இன்று நாடெங்கும் சட்டமாய் நிழல் தருகின்றன. மாதந்தோறும் என் சம்பளச் சீட்டில் சேமநிதிக்கெனப் பிடிக்கும் தொகையைக் காணும்போதெல்லாம், முன்னாளில் வருந்திய மனம் இப்போது நன்றி கொள்கின்றது.

அன்பர்களே, நம் சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். முப்பது நாற்பது ஆண்டுகளாக அதனைத் தோளில் சுமந்த பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். பொங்கலுக்கு அரிசி வாங்குவது முதல் மேடைக்குத் திரை கட்டுவது வரை அவர்களே ஓடுகின்றனர். இளைஞர் வருவதில்லை என்பது ஆண்டுதோறும் பொதுக்குழுவில் எழும் குறை. வாராமைக்கு வருந்துகிறோம், வருவதற்கு ஏது என்ன என ஆராய்ந்தோமா? இங்கேயே பிறந்து, மராத்தியும் இந்தியும் பேசி வளரும் நம் பிள்ளைகளிடம் ஒரு விழாவின் கணக்கையேனும் முழுமையாக ஒப்படைத்தோமா? முதலாண்டில் அவர்கள் தவறு செய்யலாம். டாடாவும் முதலில் மட்டமான எந்திரங்களைத்தானே வாங்கினார்!

என்னைப் பொறுத்தவரை, அந்த எட்டுப் பேரில் ஒருவர் வீட்டுக்குச் சென்ற ஆண்டு சென்றேன். பிழையைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்டேன். அவர் மனைவி நலமாயிருந்தார், தேநீர் தந்தார். இப்போது எவரேனும் ஒருவர் வேலைக்கு வாராவிடின், தாளை எடுக்குமுன் தொலைபேசியை எடுக்கிறேன். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் ஓர் ஆலை முதல்வர் கற்பித்த பாடம் ஓர் எழுத்தனுக்கு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததே பேறு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!